இடது பக்கச் சாய்வு

"எங்கே, இன்னொரு தடவை நடங்க ஆச்சி," என்றாள் மரகதம்.

உமையாள் ஆச்சி பெருமூச்சு விட்டபடி அந்த நீண்ட அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நடந்தாள். உடம்பில் ஒரு வெறும் பருத்திப் பாவாடை, மேலே தொளதொளவென்று ஒரு சட்டை. இரண்டு வாரமாக இதே கோலம்தான். வீட்டில், காரில், கோயிலில், தன் சொந்த ஆஸ்பத்திரியின் நிர்வாகக் கூட்டத்தில்கூட இந்தப் பருத்தியைத்தான் உடுத்தியிருக்க வேண்டும். கோயம்புத்தூர் ஜெசிந்தா தனித்தையல் மனையின் விதி அது. அதற்கு இளக்கம் என்று பெயர். இளக்கம் முடியாதவர்களுக்கு அங்கே அளவெடுக்க மாட்டார்கள். எவ்வளவு பெரிய ஆள் வந்து நின்றாலும் உட்காரவைத்து மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆச்சி சுவரைத் தொட்டுத் திரும்பினாள். நாற்பது வயதுக்கு நல்ல திடமான உடம்பு. ஆனால் இடது பக்கம் இடுப்பு லேசாக மேலேறி, அதை ஈடுகட்ட உடம்பு வலப்பக்கம் சற்று வளைந்து, இடது முழங்கை விலாவை விட்டு விலகி நின்றது. மரகதம் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இன்னும் அவங்க போகலைங்க."

"அட போத்தா! என்னமோ எனக்குப் பேய் பிடிச்ச மாதிரியில்ல சொல்ற!"

பேய் என்றால் பேய்தான். ஆனால் ஆச்சியை மட்டும் பிடித்ததில்லை. தெருவில் போகும் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பிடித்திருந்தது.

ஒரு காலத்தில் ஆயத்த ஆடை என்பது வெறும் துணியாக இருந்தது. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று நான்கு அளவில் தைத்துக் கடையில் தொங்கவிடுவார்கள். ஒருத்திக்குத் தோள் இறங்கும், இன்னொருத்திக்கு இடுப்பு பிடிக்கும். வாங்கியதில் பாதி திரும்பி வந்து திருப்பூர்க் கிடங்குகளில் குவிந்து கிடந்தது. அப்போதுதான் ஒருசீர் என்ற நிறுவனத்துக்காரர்கள் யோசனையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். உடம்புக்குத் தகுந்தபடி துணியை மாற்றி மாளவில்லை. துணிக்குத் தகுந்தபடி உடம்பை மாற்றினால் என்ன? நூலுக்குள் நரம்பிழை வந்தது. உடுத்தியவளின் தசையை மெல்லத் தட்டியும் இழுத்தும், இப்படி நில், இப்படி நட என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டேயிருக்கும் இழை. அது சொல்வதற்கு ஒரு பாடம் வேண்டுமே? ஒரே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, அவள் நின்றதையும் நடந்ததையும் பதிவு செய்து, எல்லா ஆடைக்கும் ஊட்டினார்கள். அவளுக்கு மூலவுடல் என்று பெயர் வைத்தார்கள்.

ஜனங்களுக்குப் பரம திருப்தி. கூன் நிமிர்ந்தது, கடையில் எடுத்த ஆடை கச்சிதமாகப் பொருந்தியது. நாட்டில் உள்ள பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி நடக்கத் தொடங்கிவிட்டதை முதலில் கண்டுபிடித்தவர்கள், ரயில் நிலையத்தில் முதுகைப் பார்த்து மனைவியைத் தேடிய கணவன்மார்கள்தான். ஆண்களுக்கு வேறொரு மூலவுடல் உண்டு. அவன் ஒரு கபடிக்காரன் என்று பேச்சு. உண்மையோ பொய்யோ, குமாஸ்தாக்கள்கூடத் தொடையைத் தட்டப் போகிறவர்கள்போல்தான் நின்றார்கள்.

தனித்தையல் இதற்கு நேர் எதிர். அதில் நரம்பிழை கிடையாது. ஒரே ஓர் உடம்புக்காக முதலில் காடாத் துணியில் வெட்டி, உடுத்திப் பார்த்து, பிரித்து, மறுபடி வெட்டி, மாதக்கணக்கில் கையாலேயே தைப்பார்கள். அந்தத் துணி யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்காது. உடுத்தியவள் எப்படி நிற்கிறாளோ அதைக் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் சொந்த நடை என்பதே பெரிய வீட்டுச் சொத்தாகிவிட்டது. கல்யாண மண்டபத்துக்குள் கூனோடு ஒருத்தி நுழைந்தால் எழுந்து வழிவிட்டார்கள். தாங்கித் தாங்கி நடந்தால் மில் முதலாளி வீடு என்று பொருள். பெண் பார்க்க வந்த இடத்தில் வேண்டுமென்றே தோளைக் கோணிக்கொண்டு நின்று, அந்தஸ்தைக் காட்டப் போய்ச் சிரிப்புக்கு ஆளான பெண்களும் உண்டு.

ஆனால் சொந்த நடை கேட்டவுடன் வந்துவிடாது. இருபது வருடம் ஆயத்தம் உடுத்திய உடம்பு, ஆடையைக் கழற்றிய பிறகும் மூலவுடலாகவேதான் நடக்கும். அது மெல்ல மெல்ல மறந்து, அடியில் கிடக்கும் சொந்த நடை மேலே வரும்வரை காத்திருப்பதுதான் இளக்கம். அது முடிந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது மரகதத்தின் வேலை. ஜெசிந்தாவின் மனையில் மூலவுடலை யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. "அவங்க போயாச்சா?" என்று கேட்பார்கள். "போயிட்டாங்க" என்று மரகதம் சொன்னால்தான் கத்தரிக்கோல் மேசைக்கு வரும்.

அந்த 'அவங்க' மரகதத்தின் அம்மா என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அம்மா ரேணுகா, திருப்பூரில் ஆடை உடுத்திக் காட்டும் வேலையில் இருந்தவள். ஒருசீர் அவளைப் பதிவு செய்து ஆறு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். மரகதத்துக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. வீட்டில் புகைப்படங்கள் இருந்தன. புகைப்படத்தில் அம்மா நிற்பாள், நடக்க மாட்டாள். நடக்கிற அம்மாவைத் தெருவில்தான் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட டீச்சர், பால் வாங்க வரும் பெண், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற கூட்டம் எல்லாவற்றிலும் அம்மா போய்க்கொண்டிருந்தாள். பதினெட்டு வயதுக்குக் கீழே நரம்பிழை கூடாது என்று சட்டம். பதினெட்டு முடிந்த அன்றே மரகதம் ஓர் ஆயத்தச் சுடிதாரை வாங்கி உடுத்தி, அப்பா சென்னியப்பன் முன்னால் நடந்து காட்டினாள். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. அம்மாவின் நினைப்பில் துக்கப்படுகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் வேறெதையும் உடுத்தியதில்லை. பத்து வருடம் வேலை பார்த்தவர்களுக்கு ஜெசிந்தா தன் கையாலேயே ஓர் ஆடை தைத்துக் கொடுப்பது அந்த மனையின் வழக்கம். மரகதத்தின் முறை போன வருடமே வந்துவிட்டது. "இப்ப வேண்டாங்க மேடம், பொறவு பாத்துக்கலாம்," என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள். ஊரார் உடம்பிலிருந்து அம்மாவை இறக்கிவிடுவது பிழைப்பு. தன் உடம்பிலிருந்து இறக்கிவிட அவளுக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்த அம்மாவுக்கே ஆபத்து வந்திருந்தது. வரும் ஆடிப் பதினெட்டு நண்பகலில் எல்லா ஆடைகளுக்கும் புதுப் பாடம் அனுப்பப்போவதாக ஒருசீர் அறிவித்திருந்தது. பெண்களுக்கு இடது இடுப்பில் தீராத வலி வருகிறது என்று நாலா பக்கமும் புகார்; ஆகவே புது மூலவுடல். யாரோ ஒரு நடனக்காரியாம். நண்பகல் ஆனதும் கடையில் தொங்குவது, பீரோவில் மடித்தது, உடம்பில் உடுத்தியது எல்லாம் ஒரே நொடியில் மாறிவிடும். உலகத்தில் ரேணுகாவின் நடை எங்கேயும் இருக்காது. மரகதத்துக்குத் தாய் செத்த துக்கம் அந்த அறிவிப்பைக் கேட்டபோதுதான் முதல்முதலாக வந்தது. கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதாள்.

அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. திருப்பூர்ச் சந்தில் ஒருவன், ஆடையின் ஓரத்தில் பாடம் வாங்கும் முடிச்சை அறுத்துக் கொடுப்பான். மூன்று ஜதை ஆடைகளை எடுத்துப்போய் அறுத்து வாங்கி வந்தாள். ஊர் மாறினால் மாறட்டும், தான் சாகிறவரை அம்மாவாகவே நடக்கலாம் என்பது அவள் கணக்கு.

ஆச்சி மூன்றாவது தடவை நடந்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. ஆச்சியின் தங்கை, கைக்குழந்தையோடு வந்து நின்றாள். குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. "காரில ஏறினதிலேருந்து இதே கூத்து அக்கா. நீங்க கொஞ்சம் வாங்குங்க," என்று அவள் நீட்ட, ஆச்சி வாங்கி இடது இடுப்பில் இருத்திக்கொண்டு அறைக்குள் நடந்தாள்.

மரகதம் கையிலிருந்த அளவு நாடாவைக் கீழே விட்டாள்.

இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை அந்த நடையைப் பார்த்திருப்பாள். எப்போது பார்த்தாலும் அதில் ஏதோ ஒன்று குறைவதுபோல் இருக்கும். அம்மாவின் தனி அழகு அது என்று நினைத்திருந்தாள். இப்போது ஒன்றும் குறையவில்லை. மேலேறிய இடுப்பில் குழந்தை சொல்லிவைத்தாற்போல் உட்கார்ந்திருந்தது. விலகி நின்ற முழங்கை அதன் முதுகை அணைத்திருந்தது. வளைந்த உடம்பு அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. பொருந்தாமல் கிடந்த ஒரு நடை பொருந்திவிட்டது.

"என்னத்தா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் ஆச்சி.

"ஒண்ணுமில்லைங்க. நீங்க நாளைக்கு வாங்க," என்று சொல்லிவிட்டு மரகதம் வெளியே வந்தாள். நேராகத் திருப்பூர் பஸ் ஏறினாள்.

சென்னியப்பன் வழக்கம்போல் பேருந்து நிலையத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் ஆனால் அங்கே வந்து உட்கார்ந்து, இறங்குகிற ஏறுகிற பெண்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். தெரியாதவர்கள் கிழவனுக்கு வயதுக்கேற்ற புத்தி இல்லை என்று ஏசுவார்கள்.

"என்ன கண்ணு, சொல்லாம கொள்ளாம வந்திருக்கற?"

"அப்பா, அம்மாவப் பதிவு பண்ணுனன்னிக்கு நான் எங்கிருந்தேன்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல்லடம் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் வரிசையாக அவர்களைக் கடந்து போனார்கள். கடைசிப் பெண் போகும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அவ இடுப்புலதான் இருந்த. நான் வாங்குனா எங்கிட்ட நிக்க மாட்டேன்னுட்ட. ஒரே அழுவாச்சி. 'தூக்கிட்டே நடங்கம்மா, பொறவு பதிவுலேருந்து நாங்க குழந்தைய அழிச்சுக்கறோம்'னு அந்தப் பதிவுக்காரப் பொண்ணு சொல்லுச்சு. சொன்னபடிக்கு அழிச்சாங்க. உன்னைய அழிச்சாங்க. நீ கனத்தியே, அந்தக் கனத்த அழிக்கத் தெரியல."

"அதப் பாத்துட்டுமா அப்படியே விட்டாங்க?"

"கம்பெனிப் பெரியவங்களுக்கு அந்தச் சாய்வு புடிச்சுப் போச்சு சாமி. பொம்பளைக்கு ஒரு கனிவு தெரியுதுன்னாங்க. விட்டுட்டாங்க."

மரகதம் தெருவைப் பார்த்தாள். கல்லூரிப் பெண்கள் நான்கு பேர், ஒரு போலீஸ்காரி, காய்கறிப் பையோடு ஒருத்தி. எல்லாருடைய இடது இடுப்பும் மேலேறியிருந்தது. எல்லாருடைய இடது கையும் எதையோ அணைத்திருந்தது. இத்தனை நாளும் அம்மாவைப் பார்ப்பதாக நினைத்து இந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறாள். அவர்கள் தூக்கிக்கொண்டு போவது தன்னை. இது தெரிந்த பிறகு எந்தப் பக்கம் கண்ணைத் திருப்புவது என்று அவளுக்குப் புரியவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

"அதான் அன்னிக்கு நீங்க சாப்படலயா?" என்றாள்.

"அவ நடைய நீ நடந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பேன். நீ உன்னையவே தூக்கிட்டு நடந்த. எப்பிடிச் சோறு எறங்கும்?"

முடிச்சறுத்த மூன்று ஜதையைப் பற்றி அவள் சொன்னாள். ஆடிப் பதினெட்டுக்குப் பிறகும் அம்மா தன்னிடம் இருப்பாள் என்றாள்.

சென்னியப்பன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "அவளச் சொமந்துட்டுப் போறதா நீ நெனச்சுட்டிருக்கற," என்றார். "கண்ண மூடி இத்தன வருசமாச்சு, அவ இன்னும் உன்னையக் கீழ எறக்கல கண்ணு. ஊரு ஊராத் தூக்கிட்டுத் திரியறா. எத்தன பொம்பளைகளுக்கு இடுப்பு வலி! நான் தெனமும் இங்க வந்து பாத்துட்டுப் போறேன். எனக்கு அவ வேணும், அதனால வாறேன். ஆனா ஒவ்வொரு நாளும், போதும் ரேணு, எறக்கி உட்டுருன்னுதான் மனசு கெடந்து அடிச்சுக்குது."

மறுநாள் மரகதம் ஜெசிந்தாவிடம் போய், தனக்குப் பருத்தி வேண்டும் என்றாள். ஜெசிந்தா காரணம் கேட்கவில்லை. அறுபது வயதுக்காரி, மூக்கு நுனியில் கண்ணாடி. தானே அலமாரியைத் திறந்து பாவாடையும் சட்டையும் எடுத்துக் கொடுத்து, "ஒரு வழியா வந்தியா புள்ள," என்று மட்டும் சொன்னாள்.

வாடிக்கையாளர்கள் இளக்கத்தின்போது ஏன் அப்படி எரிந்து விழுகிறார்கள் என்று மரகதத்துக்கு இப்போது விளங்கியது. பருத்தி ஒன்றும் சொல்லவில்லை. நில் என்றோ நட என்றோ சொல்ல ஆளில்லாமல், வீட்டுக்குள்ளேயே வழி தவறியவள்போல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் பீரோவைத் திறந்து, முடிச்சறுத்த ஆடையை எடுத்து உடுத்திக்கொண்டாள். இடது இடுப்பு தானாக மேலேறியது. முழங்கை விலகியது. எவ்வளவு நிம்மதி! கண்ணாடி முன்னால் நாலடி நடந்தாள். ஐந்தாவது அடியில் இடுப்பில் கனம் தெரிந்தது. நிஜமாகவே தெரிந்தது. சின்ன முழங்கால் ஒன்று விலாவில் அழுந்துவதுபோல் இருந்தது. கிழித்தெறியாத குறையாக ஆடையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

காலையில் மூன்று ஜதையையும் எடுத்துக்கொண்டு அந்தச் சந்துக்கே போனாள். "முடிச்ச மறுபடி சேத்துக் கொடுங்ணா," என்றாள்.

அவன் சிரித்தான். "அறுக்கத்தானுங்க எல்லாரும் வருவாங்க. ஒட்டச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான்." ஆனாலும் ஒட்டிக் கொடுத்தான்.

ஆடிப் பதினெட்டு அன்று, ஆற்றுக்குப் போகிறவர்களால் பேருந்து நிலையம் நிரம்பியிருந்தது. தலையில் பூ, கையில் கூடை, வெயில் வேறு. சென்னியப்பன் காலையிலேயே வந்து பெஞ்சில் இடம் பிடித்திருந்தார். பருத்திப் பாவாடையில் மரகதம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் போகிற வருகிற ஒவ்வொருத்தியையும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆசை தீரவில்லை. அம்மா, அம்மா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

நண்பகலுக்கு மணி அடிக்கவும் இல்லை, சங்கு ஊதவும் இல்லை. நடந்துகொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் தயங்கினார்கள், அவ்வளவுதான். பூ விற்கிறவள், டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் பெண், கூடைக்காரிகள், நிழலில் நின்றிருந்த கல்லூரிப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து இடது இடுப்பைக் கீழே இறக்கினார்கள். இறக்கும்போது முழங்கால் லேசாக மடிந்தது. இடது கை பக்கவாட்டில் சரிந்து, மெல்லத் திறந்து, எதையோ தரையில் நிற்கவைத்துவிட்டு விலகியது. பிறகு எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மரகதத்தைக் கீழே இறக்கிவிட்டிருந்தது.

கூட்டம் நகரவில்லை. பெண்கள் ஆளுக்கொரு பக்கம் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி கூடைக்குள் கையை விட்டுத் துழாவினாள். இன்னொருத்தி வந்த வழியே நாலடி திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். யாரும் வலி போனதற்குச் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. பெஞ்சுக்கு அருகில் நின்றிருந்த நடுவயதுப் பெண் ஒருத்தி, வெறும் இடுப்பைத் தடவிக்கொண்டே மரகதத்தின் பக்கம் திரும்பினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. ஏன் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"ஏனுங்க, நான் கையில ஏதாச்சும் வெச்சிருந்தனுங்களா?"

"வெச்சிருந்தீங்க," என்றாள் மரகதம். "இத்தன நாளு பத்திரமா வெச்சிருந்தீங்க. எறக்கி உட்டுட்டீங்க. பரவால்லீங்க, அது நடந்துக்கும்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

மரகதம் அப்பாவைக் கைகொடுத்து எழுப்பினாள். எந்தப் பக்கம் சாய்வது, எவ்வளவு தூரம் காலை வைப்பது என்று அவள் உடம்புக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டடி வைத்தாள், தடுமாறினாள், அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள், மறுபடி நடந்தாள். பெண்கள் கூட்டம் கூட்டமாக அவர்களைக் கடந்து போய்க்கொண்டேயிருந்தார்கள். சென்னியப்பன் அவர்களில் ஒருத்தியையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மகள் நடப்பதையே பார்த்துக்கொண்டு கூட வந்தார்.